இடது மூலையில் ஒரு நாலு ஓட்டை ப்ளக்

போர்டக்காவுக்கு இடது பக்கம் தொலைந்துபோய் ஏழு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியாது.

கையும் காலும் இருந்தன. கண்ணும் நன்றாகத்தான் இருந்தது. கண் டாக்டர் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டார். மூளையின் வலப்பாதியில் ஒரு ரத்தக்கட்டு வந்து போயிருந்தது. நடை மூன்றாம் மாதம் திரும்பியது. இடது கையின் பிடி ஐந்தாம் மாதம் திரும்பியது. இடப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் திரும்பவில்லை. பார்வை பாதியில் கறுத்துப் போயிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். கறுக்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம் அவளுக்கு முழுசாகத்தான் இருந்தது; டாக்டர் சொன்னதை வேறு யாரையோ பற்றி என்றுதான் கேட்டுக்கொண்டாள்.

தட்டின் வலப்பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "என்ன இன்னிக்கு, அளந்து போட்டிருக்கீங்க?" என்பாள். இடது பக்கம் வைத்த டீ ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு, நிலையைச் செய்த தச்சனைத் திட்டுவாள். தலையை ஒரு பக்கம் மட்டும் வாரிக்கொண்டு கடைக்குக் கிளம்புவாள்.

"ஏம்மா, பாதி கல்யாணத்துக்கா போற?" என்று சீப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள் நாத்தனார்.

நாத்தனார் என்பது கணவனின் அக்கா; போர்டக்கா அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரி வார்டுகளில் முப்பது வருஷம் நோயாளிகளைத் துடைத்து, புரட்டி, ஊட்டிவிட்டு ஓய்வு பெற்றவள். போர்டக்காவைவிட நாலு வயதுதான் மூத்தவள். ஒரு வாரம் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு பையோடு வந்தவள், இப்போது அடுப்படி டப்பாக்களையெல்லாம் தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றி வைத்திருந்தாள். போர்டக்காவின் கணவன் பஸ் ஓட்டுகிறவன். விடியற்காலையில் போனால் சாயங்காலம்தான் வருவான். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் வாயைத் திறப்பதில்லை என்பதை அவன் எப்போதோ முடிவு செய்துவிட்டான்.

போர்டக்கா என்ற பேர் தெரு வைத்தது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்பு அவள் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்த்தாள். அங்கே இருந்த ஒரே கம்ப்யூட்டர் ஒரு நாள் படுத்துக்கொண்டது. மெக்கானிக் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று பத்து நாள் பிடி கொடுக்கவில்லை. பதினோராம் நாள் அவளே பெட்டியைத் திறந்து, தூசியை ஊதி, கழன்று கிடந்த ஒரு ப்ளக்கை அழுத்திவிட்டாள். ஓடிவிட்டது. அந்த ஒரு அழுத்தலில் அவள் டைப்பிங்கை விட்டாள். பிறகு தம்பியையும் சேர்த்துக்கொண்டு கடை போட்டாள். முன்னால் தம்பி புது லேப்டாப், பிரிண்டர் என்று பார்ப்பான். பின்னால் நீள மேஜையில் அவள். அந்த மேஜைக்கு வருவதெல்லாம் பழசு. புது மிஷினோடு பேச மறுக்கிற ஏதாவது ஒரு பெரிய கருவியைக் கட்டி மேய்க்கிற பழைய கம்ப்யூட்டர்கள். எடை மேடை, அச்சகம், ரத்தப் பரிசோதனைக் கூடம், எல்லா இடத்திலும் அப்படி ஒரு கிழட்டுப் பெட்டி மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் அந்த இடமே நிற்கும். அப்போது போர்டக்காவைத்தான் தேடி வருவார்கள்.

நோய்க்குப் பிறகு அவள் மேஜைக்குத் திரும்பி ஆறு வாரம் ஆகியிருந்தது. முதல் வாரமே ஒரு பெட்டியை மூடி முன்னால் அனுப்பினாள். ஒரு பக்கத்துத் திருகுகள் ஒன்றுகூட இல்லை. அடுத்ததில் ஒரு மின்விசிறி ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. தம்பி சத்தமில்லாமல் சரிசெய்து அனுப்பினான். மூன்றாவதையும் சரிசெய்த பிறகு அக்காவிடம் வந்து நின்றான்.

"அக்கா, கோவிச்சுக்காத. ஒரு ப்ளக்கு மாறிச்சுன்னா மிஷினே புகைஞ்சு போயிடும். நீ முன்னால வந்து உக்காரு. போன் எடு, வர்றவங்ககிட்ட பேசு. மேஜையை நான் பாத்துக்கறேன்."

"போன் எடுக்கறதுக்கு நான் எதுக்கு? ஒரு கிளி வாங்கி வை."

"விளையாடாத அக்கா."

"நான் விளையாடல. இருபத்தேழு வருஷம். என் கையில எது புகைஞ்சிருக்கு, சொல்லு."

உண்மையில் எதுவும் புகைந்ததில்லை. கடைசியில் பேச்சு ஒரு இடத்தில் வந்து நின்றது. கார் சக்கரங்களை நேராக்குகிற பட்டறை ஒன்றிலிருந்து ஒரு பெட்டி வந்திருந்தது. அதன் மதர்போர்டு, எல்லா ஒயரும் வந்து சேருகிற தாய்ப்பலகை, செத்துவிட்டது. அதே வகைப் பழைய போர்டு ஒன்று போர்டக்காவின் அலமாரியில் இருந்தது. மாற்றிக் கட்ட வேண்டும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அவள் ஒருத்தியாகக் கட்டி, அது ஓடினால், மேஜை அவளுடையது. ஓடாவிட்டால் போனை எடுப்பது அவள் வேலை. அதுவரை தம்பி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது.

"பட்டறைக்காரர் கிட்ட சனிக்கிழமைன்னு சொல்லிட்டேன்," என்றான் தம்பி. "அவரு என்ன சொன்னார் தெரியுமா? வண்டி ஒரு பக்கமா இழுத்தா நாங்க நேராக்கிடுவோம், உங்க அக்கா கம்ப்யூட்டரை நேராக்கிடட்டும்னாரு."

போர்டக்கா சிரித்தாள். அதில் தனக்கு ஒரு சேதி இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை பெட்டியைப் படுக்க வைத்தாள். செத்த போர்டைக் கழற்றி, அலமாரியிலிருந்து எடுத்ததைப் பித்தளைக் குமிழ்களின் மேல் உட்கார வைத்தாள். திருகுகளை முட்டை வைக்கும் அட்டையில் குழிக்கு ஒன்றாகப் போட்டிருந்தாள். ரேம் எனும் நினைவுப் பட்டைகளை இரண்டு முனையும் 'டக்' என்று கவ்வும் வரை அழுத்தினாள். பெரிய ப்ளக், இருபத்து நாலு ஓட்டை உள்ளது, வலது ஓரத்தில் கொக்கியோடு கொக்கி மாட்டி உட்கார்ந்தது. ஹார்ட் டிஸ்க்கின் பட்டையான ஒயரில் ஒரு ஓரம் மட்டும் சிவப்புக் கோடு ஓடும்; அந்தக் கோடு முதல் ஊசியின் பக்கம் இருக்க வேண்டும். அவள் விரல் அதைப் பார்க்காமலே கண்டுபிடித்தது. பிறகு பெட்டியின் முகப்பிலிருந்து வரும் பொடி ஒயர்கள். பவர் பட்டனுக்கு இரண்டு ஊசி, ரீசெட்டுக்கு இரண்டு, விளக்குகளுக்கு இரண்டிரண்டு. பட்டன் ஒயரை எப்படிச் செருகினாலும் ஒன்றுதான். விளக்குக்கு மட்டும் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும். பலரும் இந்த இடத்தில்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்காருவார்கள். அவள் ஒரு பாட்டை முணுமுணுத்தபடியே முடித்துவிட்டாள்.

கடைசியில்தான் கரண்ட். அது அவளுடைய சட்டம். பட்டனை அழுத்தினாள். மின்விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு 'பீப்' சத்தம்கூட இல்லை.

நினைவுப் பட்டைகளைக் கழற்றி அவற்றின் தங்க விளிம்பை ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டாள். இல்லை. வேறு பட்டை போட்டாள். இல்லை. போர்டின் மேல் இருக்கும் காசு அளவு பேட்டரியை மாற்றினாள். மானிட்டரை மாற்றினாள். மானிட்டர் ஒயரை மாற்றினாள். வியாழன் முடிந்தது. வெள்ளிக்கிழமை முழுக்கக் கழற்றி, முதலிலிருந்து எல்லாவற்றையும் கட்டினாள். அதே கை, அதே ஒழுங்கு. அதே இருட்டுத் திரை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் நேராகச் சாப்பிட உட்கார்ந்தாள். தட்டில் வலப்பாதியையும் சாப்பிடவில்லை.

"போர்டு செத்த போர்டு போல," என்றாள் கடைசியில். "அலமாரியில இருந்ததே செத்ததுதான். தெரியாம எடுத்துட்டேன்."

"அப்படியா," என்றாள் நாத்தனார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவள் எதுவும் சொல்லாமல் இருந்தால் நல்லதல்ல என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவள் சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்கு வந்தாள். தம்பி முன்னால் யாருடனோ பிரிண்டர் மை பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவள் நேராகப் பின்னால் போனாள். போர்டக்கா பெட்டியின் முன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்த விதமே சரியில்லை.

"அண்ணி, இப்ப எதுக்கு வந்தீங்க? மணி பன்னண்டுகூட ஆகல."

"பசிச்சா சாப்பிடு. பசிக்கலன்னா பாத்துக்கிட்டு உக்காரு." நாத்தனார் கேரியரை வைத்துவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனால் முப்பது வருஷம் படுக்கைகளைச் சுற்றி வந்தவள்; எந்த ட்யூப் எதிலும் சேராமல் தொங்குகிறது என்று பார்ப்பது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி.

"இது என்ன, ஒண்ணு சும்மா தொங்குது?"

"எது?"

"இதோ. மஞ்சளும் கறுப்புமா. நாலு ஓட்டை."

"எங்க?" போர்டக்கா குனிந்து பார்த்தாள். பெரிய ப்ளக் இருந்தது. பட்டை ஒயர் இருந்தது. பொடி ஒயர்கள் இருந்தன. "எல்லாம் மாட்டியிருக்கு அண்ணி. நீங்க வேற."

நாத்தனார் விரலால் தொட்டுக் காட்டவில்லை. காட்டினால், "ஓ, அதுவா," என்று செருகிவிட்டு, நாளை இன்னொன்றை விடுவாள். வார்டில் இப்படிப்பட்டவர்கள் பாதித் தட்டோடு நிறுத்தும்போது அவள் தட்டை அரை வட்டம் திருப்பி வைப்பாள். திடீரென்று சோறு வந்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். சிலர் மட்டும் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அவர்கள்தான் பிழைத்துக்கொள்கிறவர்கள்.

அவள் கரண்ட் ஒயரைச் சுவரிலிருந்து உருவினாள். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து, மேஜையின் மேல் தலைமாடு கால்மாடாகத் திருப்பி வைத்தாள்.

"அண்ணி! மேல இடிக்கப் போகுது, என்ன பண்ணறீங்க?"

"இப்ப பாரு."

போர்டக்கா பார்த்தாள். வலது ஓரத்தில், போர்டின் மூலையில், சதுரமாக ஒரு நாலு ஊசிக் குழி. காலியாக. அதன் பக்கத்திலேயே மஞ்சளும் கறுப்புமாக நாலு ஓட்டை ப்ளக் ஒன்று, யாரோ இப்போதுதான் கொண்டுவந்து வைத்த மாதிரி. ப்ராசஸருக்குத் தனியாகப் போகிற கரண்ட். அது இல்லாவிட்டால் மின்விசிறி சுற்றும், விளக்கு எரியும், மூளை மட்டும் முழிக்காது. இந்த வேலைக்கு வந்த முதல் மாதம் கற்றுக்கொள்கிற பாடம். அவளே எத்தனை பேரிடம், "நாலு ஓட்டையை மாட்டினீங்களா?" என்று போனில் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

"இதை யாரு கழட்டினது?" என்றாள். உடனே இன்னொன்றைக் கவனித்துக் கத்தினாள். "ஐயோ, பெரிய ப்ளக்கு எங்க? பட்டை ஒயர் எங்க? நீங்க திருப்பினதுல பிடுங்கிட்டு வந்துடுச்சு, பாருங்க!"

"பிடுங்கிக்கிட்டு வரல."

"வந்துடுச்சு அண்ணி! இங்க ஒண்ணுமே இல்ல!"

"கையைக் கொடு."

நாத்தனார் அவளுடைய இடது கையைப் பிடித்து பெட்டியின் இடது ஓரத்துக்கு இழுத்துப் போனாள். விரல்கள் பெரிய ப்ளக்கின் மேல் பட்டன. அது அசையாமல் உட்கார்ந்திருந்தது. கொக்கியோடு கொக்கி. போர்டக்கா தலையைத் திருப்பி, இன்னும் திருப்பி, கை இருக்கும் இடம் வரை பார்வையைக் கொண்டுபோனாள். அங்கே பெரிய ப்ளக் இருந்தது. பட்டை ஒயரும் இருந்தது. எல்லாம் இருந்தன.

முகத்தில் ஈயாடவில்லை. நாத்தனார் முதுகில் தட்டிக் கொடுக்கவில்லை. கேரியரைத் திறந்து தட்டில் சாப்பாட்டைப் போட்டாள்.

"அப்ப," என்றாள் போர்டக்கா, "அந்தத் திருகெல்லாம்?"

"ஆமா."

"டீயா?"

"ஏழு மாசமா ஆறின டீயை நான்தான் குடிக்கறேன்."

"கதவு நிலை?"

"தச்சன் பாவம். விடு."

போர்டக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோ ஒன்றும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு ஓட்டை ப்ளக்கை எடுத்துக் குழியில் வைத்து அழுத்தினாள். கவ்விக்கொண்டது. பெட்டியைத் திரும்ப அரை வட்டம் திருப்பி, மறுபடி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை திருப்பினாள். முகப்பின் ஸ்பீக்கருக்குப் போகிற ஒயர் ஒன்றும் செருகாமல் கிடந்தது. அதையும் செருகினாள். பிறகுதான் கரண்ட் ஒயரைச் சுவரில் மாட்டிப் பட்டனை அழுத்தினாள்.

'பீப்' என்று ஒரே ஒரு சத்தம். திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

"ஓடுதா?" என்றாள் நாத்தனார்.

"ஓடுது."

"அப்ப சாப்பிடு." அவள் கேரியரின் மூடியைத் துடைத்தாள். குரலைத் தணித்தாள். "மணி பன்னண்டாகப் பத்து நிமிஷம் இருக்கு. உன் தம்பி பாக்கல. நான் பேச மாட்டேன். நீ எப்படிச் சொல்லணுமோ சொல்லிக்க."

இது போர்டக்கா எதிர்பார்க்காதது. பெட்டி ஓடுகிறது. பேச்சின்படி மேஜை அவளுடையது. வாயை மூடிக்கொண்டால் அதோடு முடிந்தது. அவள் சாப்பிட்டாள். பாதியில் நிறுத்தி, தட்டை அவளே திருப்பினாள். அந்தப் பக்கம் இன்னும் பாதிச் சாப்பாடு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாளைக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பெட்டி வரும். அங்கே ஒரு ஒயரை விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாள். இருபத்தேழு வருஷத்தில் எதுவும் புகையாததற்குக் காரணம் அவள் கைராசி அல்ல. கரண்ட் கொடுப்பதற்கு முன் எதையும் நம்பாததுதான். இப்போது நம்பக் கூடாதவற்றின் வரிசையில் அவளே வந்து நின்றிருந்தாள். மற்றபடி சட்டம் அதேதான்.

"தம்பி," என்று கூப்பிட்டாள். "இங்க வா."

வந்தான். திரையைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா! ஓட வெச்சுட்டியே!"

"ரெண்டு நாள் ஓடல. நாலு ஓட்டையை மாட்டவே இல்ல நான்."

அவன் முகம் அப்படியே நின்றது.

"மறந்து போய் இல்ல. எனக்கு அந்தப் பக்கம் தெரியல. அண்ணி பெட்டியைத் திருப்பினப்பதான் தெரிஞ்சுது. அப்ப பெரிய ப்ளக்கு காணாம போயிடுச்சு." அவள் வேகமாகச் சொன்னாள், பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் பிய்ப்பதுபோல. "இனிமே இப்படித்தான். எல்லாம் மாட்டுவேன். திருப்புவேன். மறுபடி முதல்லேருந்து தொட்டுப் பாப்பேன். திரும்பவும் திருப்பித் தொட்டுப் பாப்பேன். அதுக்கப்புறமும் கரண்டு நான் போட மாட்டேன். நீ வந்து பாத்துட்டுப் போடு. ஒரு வேலைக்கு ஒண்ணரை மடங்கு நேரம் ஆகும். அது உனக்குச் சரின்னா நான் இங்க உக்காருவேன். சரியில்லன்னா அந்தப் போனைக் கொண்டா."

தம்பி நாத்தனாரைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள்.

"நீ இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே," என்றான் கடைசியில்.

"இருந்திருக்கலாம்."

அவன் பெட்டியின் மேல் குனிந்து நாலு ஓட்டையை ஒரு தடவை விரலால் அழுத்திப் பார்த்தான். பிறகு மூடியை எடுத்துப் போட்டான். "பட்டறைக்காரர் வெளியில காத்துக்கிட்டிருக்காரு. திருகு எல்லாப் பக்கமும் போடு," என்று சொல்லிவிட்டுப் போனான். அது சம்மதமா, கிண்டலா என்று போர்டக்கா ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தாள். திங்கட்கிழமை அவள் வருவதற்கு முன்பே மேஜைக்குக் கீழே சுவரில் இருந்த சுவிட்சுப் பலகை இரண்டு பேருக்கும் கை எட்டும்படி மேலே ஏறியிருந்தது. அதற்குப் பிறகு அவள் யோசிக்கவில்லை.

ஒன்றரை மடங்கு என்று சொன்னது முதலில் இரண்டு மடங்கானது. மூன்றாம் வாரம் ஒன்றே கால் ஆனது. இரண்டு தடவை தம்பி வந்து பார்த்தபோது ஏதோ ஒன்று விடுபட்டிருந்தது. அவன் "அக்கா" என்று மட்டும் சொல்வான், அவள் பெட்டியைத் திருப்புவாள். அவ்வளவுதான். நாத்தனார் ஒரு நாள் தன் பையை எடுத்துத் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். அடுப்படி டப்பாக்களை மட்டும் பழைய இடத்துக்கு மாற்றவில்லை.

இரண்டாம் மாத நடுவில் ஒரு லேத் பட்டறையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அவர்கள் கடை வயசைவிடப் பழசு. போர்டக்கா வேறு ஒன்றைப் பாதியில் வைத்திருந்தாள். அதனால் தம்பி அதை மேஜையின் மறு முனையில் திறந்தான். கரண்ட் ப்ளக் அதில் ஒன்றல்ல, இரண்டு. ஆளுக்கு ஆறு ஓட்டை, பக்கத்துப் பக்கத்தில் உட்காருபவை. கொக்கியும் இல்லை, தடுப்பும் இல்லை.

"அக்கா, இது ரெண்டும் எதை எங்க போட்டாலும் உக்காருதே."

"உக்காரும். மாத்திப் போட்டா போர்டு போயிடும்."

"அப்ப எது எந்தப் பக்கம்?"

"ரெண்டுலயும் ஓரத்துல கறுப்பு ஒயரு இருக்கா? கறுப்பும் கறுப்பும் நடுவுல ஒட்டி உக்காரணும்."

அவன் மெதுவாக இரண்டையும் செருகினான். கை மேலே சுவிட்சு வரை போய் நின்றது. கறுப்பு ஒயர்களை ஒரு தடவை பார்த்தான், இன்னொரு தடவை பார்த்தான், கையை இறக்கிவிட்டான்.

"நீ வந்து பாத்தப்புறம்தான் போடுவேன்."

"இரு," என்றாள் போர்டக்கா, கையிலிருந்த பெட்டியைத் திருப்பியபடி. "இதை முடிச்சுட்டு வரேன்."

தம்பி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தான்.